தன்னறிவு எங்கே கிடைக்கிறது?

தன்னை அறிந்தவனுக்கு உலகம் வசப்படும் என்பது இன்று தமிழில் யாரும் கேள்வி கேட்காத கருத்தாகிவிட்டது. புத்தகக் கண்காட்சியின் சுயமுன்னேற்ற அடுக்கு, கல்லூரி ஆண்டுவிழா மேடை, நட்சத்திர ஓட்டலில் மதியச் சாப்பாட்டோடு நடக்கும் ஊழியர் பயிலரங்கு என்று எங்கு போனாலும் இதே பேச்சுதான். பிரித்துப் பார்த்தால் இதற்குள் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவரைப் பற்றிய உண்மை அவருக்குள்ளேயே இருக்கிறது என்பது முதல் கூற்று. கண்ணை மூடி அமைதியாக உள்ளே பார்த்தால் அதைப் படித்துவிடலாம் என்பது அடுத்தது. படித்த மாத்திரத்தில் ஆற்றல் பிறந்துவிடும் என்பது கடைசி. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் பொய். மூன்றாவது வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டிய கதை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இந்தக் கருத்துக்குப் பழமையின் முத்திரை குத்த முதலில் இழுத்து வரப்படுவது கிரேக்க நாட்டின் டெல்ஃபி. அங்கிருந்த அப்போலோ கோயிலின் முன்மண்டபத்தில் தன்னை அறியச் சொல்லும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது உண்மைதான். அதன் கூடவே இருந்ததாகச் சொல்லப்படும் மற்ற இரண்டு வாசகங்களைப் பயிற்சியாளர்கள் மேடையில் சொல்வதில்லை. எதிலும் அளவு மிஞ்சாதே என்பது ஒன்று. பிணை நின்றால் கேடு பின்னாலேயே வரும் என்பது மற்றது. அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்றையும் சேர்த்து வாசித்தால் அது எச்சரிக்கைப் பலகை என்பது விளங்கும். உள்ளே நுழைகிறவனிடம், நீ மனிதன், தெய்வமல்ல, உன் அளவு தெரிந்து வா என்று அது சொல்லியது. உனக்குள் எல்லையற்ற சக்தி இருக்கிறது என்பதற்கு நேர் எதிரான செய்தி இது.

இதே கோயிலை ஒட்டிக் கிரேக்க எழுத்தாளர் ஸெனஃபன் ஒரு கதை சொல்லியிருக்கிறார். பாரசீக மன்னன் சைரஸைப் பற்றிய அவருடைய நூலில் லிடிய நாட்டு அரசன் குரோசஸ் வருகிறான். இனி எப்படி வாழ்ந்தால் மகிழ்ச்சி என்று டெல்ஃபியில் குறி கேட்கிறான். தன்னை அறிந்தால் மகிழ்ச்சியாக வாழலாம் என்று பதில் வருகிறது. குரோசஸுக்கு ஒரே சந்தோஷம். அடுத்தவரை அறிவதாவது கடினம், தன்னை அறிவதற்கு என்ன பாடு, தெய்வம் இருப்பதிலேயே சுலபமான வேலையைத்தான் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறான். சுற்றியிருந்தவர்கள் புகழ, பரிசுகள் கொடுத்துக் கெஞ்ச, சைரஸை எதிர்க்கத் தானே தகுந்த ஆள் என்று நம்பிப் படை நடத்துகிறான். தோற்றுச் சிறைப்பட்டு சைரஸின் முன் நிற்கும்போதுதான், தன்னைத் தனக்குத் தெரியாமலே இருந்தது அவனுக்குப் புரிகிறது. குரோசஸுக்குத் தன்னறிவு வந்தது போர்க்களத்தில். அதுவும் எதிரியின் கையால். டெல்ஃபியை மேற்கோள் காட்டும் பயிற்சி நூல்களில் இந்தக் கதைக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்து அழைக்கப்படுபவர் திருவண்ணாமலை ரமணர். 1896இல் அங்கு வந்து சேர்ந்த அந்த இளைஞரிடம், சில ஆண்டுகள் கழித்து, வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே பிற்பாடு ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. தலைப்பு மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டு, ‘நான் யார்’ என்று கேட்டால் தலைமைப் பண்பு வளரும், விற்பனை பெருகும் என்று சொல்லிக்கொடுக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்கு அங்கே எந்த அடையாளமும் பதிலாக வருவதில்லை. ஒவ்வோர் எண்ணத்தையும் அது யாருக்கு எழுந்தது என்று துரத்திக்கொண்டே போனால், கேட்கிற நானும் கடைசியில் இல்லாமல் போகும் என்பதே அதன் போக்கு. பிணம் சுடும் தடி முடிவில் தானும் எரிந்துபோவதை அதற்கு உவமையாகச் சொல்கிறது. நானே கரையும் இடத்தில் நானுக்கு வலுச் சேர்க்க வழி தேடுவது, மொட்டையடிக்கப் போன இடத்தில் சீப்பு விலை விசாரிப்பது மாதிரி. ரமணர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். அவர் பெயரில் இதை விற்க முடியாது என்பது மட்டும் உறுதி.

வள்ளுவரிடம் போனால் சரக்கு இன்னும் ஒத்துவராது. தன் வலிமையை அறிவது பற்றி அவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். வலியறிதல் என்று பெயர். ஆனால் அதன் முதற்குறளிலேயே தன் வலி நான்கில் ஒன்றாகத்தான் வருகிறது. எடுத்த வேலையின் வலி, எதிரியின் வலி, இருவருக்கும் துணை வருவோரின் வலி ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். அதாவது தன் வலிமை என்பது தனியே அளக்கக்கூடிய சரக்கே அல்ல. எந்த வேலைக்கு, யாருக்கு எதிராக, யார் துணையோடு என்று சொல்லாமல் அதற்கு அளவு கிடையாது. அந்த அதிகாரத்தின் உதாரணங்களும் அதற்கேற்றவைதான். மயிலிறகையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கிளை நுனிக்கு ஏறியவன் அதற்கு மேலும் ஊக்கம் காட்டினால் உயிர் போகும். வருமானம் சின்னதானாலும் செலவு பெருகாதவரை கெடுதி இல்லை. அச்சு, கிளை, வரவு செலவு என்று அத்தனையும் ஆளுக்கு வெளியே இருப்பவை. அடுத்தடுத்த அதிகாரங்கள் காலமறிதல், இடனறிதல். உள்ளே பார் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

பழமையின் சாட்சி இப்படியிருக்க, இரண்டாம் கூற்றுக்கு வரலாம். உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். உளவியலாளர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. நுகர்வோர் கருத்துக் கேட்பு என்ற பெயரில், மேசைமேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, வருகிறவர்களிடம் எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனாலும் வலது கடைசியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள், இடது கடைசியைத் தேர்ந்தவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஏன் அதை எடுத்தீர்கள் என்ற கேள்விக்குக் காரணங்கள் தாராளமாகக் கிடைத்தன. வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது வலதுபக்கம் இருந்ததால் எடுத்திருப்பீர்களோ என்று நேராகவே கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். மறுத்ததோடு, கேட்டவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்பது போல ஒரு பார்வையும் பார்த்தார்கள். தீபாவளி நெருக்கத்தில் துணிக்கடையில் முப்பது புடவையைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டு ஒன்றைக் கையில் எடுப்பவரிடம் காரணம் கேட்டால் கலர், பார்டர், முந்தானை என்று பதில் வரும். அதுதான் நிஜமான காரணமா என்பது அவருக்கே தெரிய வழியில்லை என்கிறது இந்தச் சோதனை.

இதைவிட விசித்திரமானது சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோரும் சகாக்களும் நடத்தி 2005இல் வெளியிட்டது. இரண்டு பெண்களின் படங்களைக் காட்டி, எந்த முகம் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றைச் சுட்டிக்காட்டியதும் படத்தைக் குப்புறக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளுவார்கள். சீட்டு வித்தைக்காரரின் கைத்திறமையால் சில தடவை போய்ச் சேருவது அவர் வேண்டாம் என்ற படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மாற்றிக் கொடுத்த தடவைகளில் கால்வாசி அளவுக்கே ஏமாற்று கண்டுபிடிக்கப்பட்டது. மற்றவர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று தயங்காமல் விளக்கினார்கள். தேர்ந்த பெண்ணின் காதில் ஒன்றுமில்லை. கையிலிருக்கும் படத்தில் தோடு. தோடு போட்டிருப்பது பிடித்தது என்று பதில் வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே தேடிப் பார்த்தார்கள், கிடைத்ததைச் சொன்னார்கள். கிடைத்தது அந்த நொடியில் தயாரானது.

உள்ளே பார்ப்பதால் வழி தெரியாவிட்டாலும் நஷ்டமில்லையே என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. வில்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் மாணவிகளுக்கு ஒரு சுவரொட்டிப் படம் இலவசமாகக் கொடுத்தார்கள். புகழ்பெற்ற ஓவியங்களும் இருந்தன, நகைச்சுவைப் படங்களும் இருந்தன. ஒரு பகுதியினரிடம் மட்டும், ஒவ்வொரு படமும் ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று காரணங்களை எழுதச் சொன்னார்கள். காரணம் எழுதியவர்கள் நகைச்சுவைப் படங்களை அதிகம் எடுத்துக்கொண்டு போனார்கள். எழுத்தில் சுலபமாகச் சொல்ல வருவது அந்தப் படங்களுக்கான காரணம்தானே. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, எடுத்துப்போன படத்தில் குறைவாகத் திருப்தி அடைந்திருந்தவர்கள் இவர்களே.

பயிலரங்குகளின் செல்லப்பிள்ளையான ஆளுமைப் பரிசோதனை இந்தப் பலவீனத்தின் மேல்தான் கடை விரித்திருக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு பரிசோதனை கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் எழுதிய ஆளுமைக் குறிப்பு. எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அதன் பிறகு குறிப்பின் முதல் வாசகத்தைப் படித்து, இது யாருடையதில் இருக்கிறது என்று கேட்க, எல்லோர் கையும் உயர்ந்து, எல்லோரிடமும் இருந்தது ஒரே குறிப்பு என்று தெரிந்து வகுப்பே சிரித்தது. வாசகங்களைப் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்திருந்தார். உங்களிடம் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது, வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுவீர்கள் என்ற ரகம். கிளிசோதிடரிடம் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்த சரக்கு. தன்னை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற அந்தச் சிலிர்ப்பு, கண்டுபிடிப்புக்கு ஆதாரம் ஆகாது என்பதே இதன் சாரம். நான்கெழுத்து ஆளுமை வகை, நிறவகை, பறவைவகை என்று பயிலரங்கு முடிவில் சான்றிதழோடு கொடுக்கப்படும் எதையும் இதே கேள்வியோடு பார்க்க வேண்டும்: பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுத்ததை வாங்கிப் படித்தால் அதுவும் பொருந்துகிறதா?

மனம்தான் சிக்கலானது, உடம்பையாவது உள்ளிருந்து அறியலாமே என்றால் அங்கும் இதே நிலைமை. எனக்கு பிரஷர் ஏறினால் தலை சொல்லிவிடும் என்று சொல்லாத வீடு இல்லை. ஹோவர்ட் லெவன்தாலும் சகாக்களும் 1985இல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். அழுத்தம் ஏறுவது யாருக்கும் உணரத் தெரியாது என்று பொதுவாக ஒப்புக்கொண்டவர்களே, தங்களுக்கு மட்டும் தெரியும் என்று நம்பினார்கள். தலைவலி இல்லாத நாளில் மாத்திரையை விடுவது இந்தத் தன்னறிவின் பலன். கையில் பட்டை சுற்றி அழுத்தும் கருவிக்கு உள்நோக்கு கிடையாது. ஆனால் அதன் எண்தான் சரி.

சாப்பாட்டிலும் அப்படியே. காத்தக் குடிச்சாலும் உடம்பு ஏறுது என்று சொல்பவர்களை அமெரிக்காவில் 1992இல் ஆராய்ந்தார்கள். உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று உறுதியாக நம்பிய அவர்கள் சாப்பிட்டதை எழுதிவைத்தார்கள். உடம்பு செலவழித்த சக்தி தனியே அளக்கப்பட்டது. உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 விழுக்காடு குறைவாகவும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூடுதலாகவும் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் இருபதாம் தேதிக்குள் எங்கே போனது என்று விழிக்கும் எல்லோரும் செய்வது அதுதான். காலத்தைக் கணிப்பதிலும் மாற்றமில்லை. ராஜர் பியூலரும் வேறு இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கோளாறானால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன எண்ணையும் அது தாண்டிவிட்டது. போன ஏட்டுக்கு எத்தனை நாள் ஆனது என்ற பழைய கணக்கைப் பார்த்திருந்தால் இந்தப் பிழை குறைந்திருக்கும். தன்னைப் பற்றிய அந்தத் தகவல் மனத்தில் கிடைப்பதில்லை, நாட்காட்டியில் கிடக்கிறது.

இடைவிடாமல் உள்ளே பார்ப்பதற்கு இன்னொரு பெயர் மருகுதல். சூசன் நோலன்-ஹூக்செமா ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேள்வித்தாள் வழியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பதினான்கு நாள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அமைவது அபூர்வம். நடுக்கத்துக்குப் பின் பத்தாம் நாளிலும் ஏழாம் வாரத்திலும் அதே மாணவர்களைப் பார்த்தபோது, சோர்வு வந்தால் அதையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் அதிக மனச்சோர்வில் இருந்தார்கள். ஏன் எனக்கு இப்படி இருக்கிறது என்ற கேள்வி, கேட்கிறவருக்குத் தன்னாராய்ச்சி போலவே தோன்றும். அதுதான் அதன் ஆபத்து.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலி எங்கே, எவ்வளவு என்பது நோயாளிக்கே தெரியும். மருத்துவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிமீன் வஸீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் போன்று உள்ளே உணர்பவற்றை அவரவரே நன்றாகக் கணித்தார்கள். ஆனால் அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று நல்லது கெட்டது ஒட்டிக்கொண்ட குணங்களில் நண்பர்களின் கணிப்பே அவரவர் கணிப்பைவிடப் பொருந்தியது. ஆக, முதல் கூற்றில் பாதி நிற்கிறது. தான் என்ன உணர்கிறோம் என்பது உள்ளே இருக்கிறது. தான் எப்படிப்பட்டவர், எதற்குத் தகுதியானவர் என்பது பக்கத்தில் இருப்பவர்களிடம் இருக்கிறது. தன்னம்பிக்கைச் சந்தை விற்பது இந்த இரண்டாவதைத்தான். அதற்கு அது காட்டும் முகவரியோ முதலாவதுடையது.

மனத்தில் உள்ளதை எழுதினால் நன்மை விளைகிறதே என்றும் வாதிடுவார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தைப் பாதித்த நிகழ்ச்சியை எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதுவது உள்ளே பார்ப்பதற்கு மாற்று. மனத்தில் சுழன்றுகொண்டிருந்தது தாளுக்கு வந்தால் முதல் நாள் எழுதியதை மூன்றாம் நாள் வேற்று ஆள் போலப் படிக்க முடியும். பிற்காலத்து ஆய்வுகளில், நாளுக்கு நாள் எழுத்து மாறியவர்களுக்கே பலன் அதிகம் தெரிந்தது. ஒரே பல்லவியைப் பாடியவர்களுக்குக் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், பயிலரங்குகளே இதை அறியாமல் ஒப்புக்கொள்கின்றன. திரையில் தவறாமல் காட்டப்படும் ஜோஹாரி சாளரத்தை 1955இல் ஜோசஃப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இருவர் வரைந்தார்கள். ஜோ, ஹாரி என்ற அவர்களின் செல்லப்பெயர்கள் சேர்ந்ததே அந்தப் பெயர். நான்கு கட்டங்களில் ஒன்று, மற்றவர்களுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாதது. எவ்வளவு ஆழமாகத் தியானித்தாலும் அந்தக் கட்டத்தின் கதவு உள்ளிருந்து திறக்காது. யாராவது சொல்ல வேண்டும். சொல்கிறவர் வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுப்பார் யாரும் இல்லாமலே கெடுவான் என்பது அதில் வருவது. திரையில் சாளரத்தைக் காட்டிவிட்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று விளக்கை அணைப்பவர்கள் தாங்கள் காட்டியதைத் தாங்களே படிக்கவில்லை.

மீதியிருப்பது மூன்றாம் கூற்று, அறிந்தால் ஆற்றல் வரும் என்பது. அதிகாரம் பெறுதல் என்ற சொல்லாட்சி சமூகப் பணித் துறைக்குள் நிலைபெற்ற வரலாறு இங்கே உதவும். பார்பரா சாலமன் 1976இல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே செய்யும் சமூகப்பணி பற்றி எழுதிய நூல் அதன் ஆரம்ப ஆவணங்களில் ஒன்று. இகழ்ச்சிக்குள்ளான ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதாலேயே மக்களிடம் திணிக்கப்பட்ட இயலாமையைக் குறைப்பது அதன் நோக்கம். தனியாளின் மனக்கோளாறு அதன் நோயாகச் சொல்லப்படவே இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நியூயார்க் பெண்ணியக் குழுக்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தத்தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கியபோது, இது வெறும் மனச்சிகிச்சை என்று வெளியே கேலி பேசினார்கள். அந்தக் குழுக்களைச் சேர்ந்த கரோல் ஹனிஷ் 1969இல் அதற்குப் பதில் எழுதினார். ஒவ்வொருத்தியும் தன் குறை என்று எண்ணியிருந்தது பக்கத்தில் இருப்பவளுக்கும் இருப்பது அங்கே தெரிந்தது. தனிப்பட்ட தீர்வு என்று ஒன்று இதற்குக் கிடையாது, கூட்டாகச் செய்வதே வழி என்பது அவர் வாதம். அந்தப் பெண்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டது பெரிய விஷயம். ஆனால் தெரிந்துகொண்டது, குற்றம் தங்களுக்குள் இல்லை என்பதை. இன்றைய பயிற்சி நூல் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, குறையும் தீர்வும் உனக்குள்ளேயே என்று திருப்பி எழுதிவிட்டது. சம்பளம் போதவில்லை என்று வந்தவனுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பது மேலதிகாரிக்கும் வசதி.

தமிழில் இந்த வகை எழுத்தின் முன்னோடியான எம்.எஸ். உதயமூர்த்தியைக்கூட இதில் சேர்க்க முடியாது. ‘எண்ணங்கள்’ எழுதியவர் எண்ணத்தோடு நிற்கவில்லை. மக்கள் சக்தி இயக்கம் கட்டி ஊர் ஊராக ஆள் திரட்டினார். அவர் பெயரை நாயகனுக்குச் சூட்டிய 1988ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘உன்னால் முடியும் தம்பி’யிலும் நாயகன் சாராயத்துக்கு எதிராக ஊரைத் திரட்டுகிறான். பின்வந்தவர்கள் தலைப்பை வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டார்கள்.

ஆற்றல் உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் வரிசைப்படுத்தினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் கொடுக்கும் ஊக்கம், உடம்பின் பதற்றம் அல்லது நிதானம் என்று நான்கு. இவற்றில் வலுவானது முதலாவது. மேடைப் பேச்சு வெறும் மூன்றாவது. பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவரும் சகாக்களும் செய்த சோதனையில், உங்கள் பயத்தின் வேர் எது என்று யாரையும் தோண்டவில்லை. போவா இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பாம்பை முதலில் வேறொருவர் கையாளுவதைப் பார்க்க வேண்டும். பிறகு படிப்படியாக, உதவியோடு, தொட வேண்டும், பிடிக்க வேண்டும், விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தவர்களிடம்தான் தன்னால் முடியும் என்ற மதிப்பீடு வெறுமனே பார்த்தவர்களைவிட உயர்ந்தது. டேரில் பெம் 1972இல் சொன்னது இதோடு சேரும்: மனிதர்கள் தங்கள் மனப்போக்கையே ஓரளவுக்குத் தங்கள் செயலைப் பார்த்துத்தான் ஊகித்துக்கொள்கிறார்கள். செயல் முந்தி, அறிவு பிந்தி.

தமிழ்நாட்டில் இது ஒரு மாவட்டம் முழுவதும் நடந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் பெண்களுக்கான பாடமாக இயக்கம் சேர்த்தது. ஊர் கிண்டல் செய்தது, அசிங்கமாகப் பேசியது. அதன் நடுவே விவசாயக் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் கிராமத்துச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓட்டிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பள்ளிப் பாடப்புத்தகம்வரை போயிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்காமல் விளைந்ததை நான்கு ஊருக்கு எடுத்துப் போய் விற்கலாம்; கூடுதலாக இரண்டு ஊர் போனால் கையில் கூடுதலாகக் காசு; சீக்கிரம் திரும்பினால் கொஞ்சம் ஓய்வும் உண்டு. அப்பனையும் அண்ணனையும் புருஷனையும் எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

அந்தப் பெண்களிடம் முதலில் உள்ளே தன்னம்பிக்கை இருந்ததால்தான் சைக்கிளில் ஏறினார்கள் என்று சந்தை மறுபடியும் வாதிடும். ஏறும்முன் யாருக்கும் தன்னால் முடியுமா என்பது தெரிந்திருக்க நியாயமில்லை; தெரியாததை உள்ளே எந்த மூலையில் தேடினாலும் கிடைக்காது. உயரமான சைக்கிளில் கம்பிக்குக் கீழே காலைவிட்டுக் குரங்குப் பெடல் போட்டு, விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் எப்போது கையை எடுத்தார் என்பது தெரியாமல் பத்தடி போன பிறகு தெரியவருவதுதான் அந்த அறிவு. அதற்கும் சைக்கிள் வேண்டும், ஓட்டச் சொல்லித்தர ஆள் வேண்டும், வாங்கக் கடன் வேண்டும், கிண்டலைத் தாங்கக் கூட இன்னும் நூறு பெண்கள் வேண்டும். இவற்றில் எதுவும் யாருக்குள்ளும் இல்லை. அன்றைய புதுக்கோட்டைக் கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதுவே மேல் என்றார்கள்: முன்கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்.